அண்ணனை ஏர்வாடிக்குக் கூட்டிப் போகலாமா?

மண்டபம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு வருடமாகத் தனக்குத் தானே பேசுகிறான், கடலுக்குப் போவதில்லை, நடுராத்திரி எழுந்து கரையோரம் நடக்கிறான். மனநோயாளிகளைக் கூட்டிப் போகும் ஏர்வாடி தர்காவில் நாற்பது நாள் தங்க வேண்டும் என்கிறார் அம்மா. "2001இல் அத்தனை பேர் எரிந்து செத்த ஊராச்சே, இன்னுமா அங்கே சங்கிலி? கவர்ன்மென்ட் இத்தனை வருஷமா என்னதான் செய்தது? அம்மாவைத் தடுக்கட்டுமா, விடட்டுமா?" இதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் மனநலக் குழுவோடு ஊர் ஊராக அலைந்து ஓய்வு பெற்ற சமூகப் பணியாளர். அம்மாவைத் தடுக்காதீர்கள். ஆனால் மாத்திரை முதலில், தர்கா அப்புறம். ஏன் இந்த வரிசை என்று சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை, விடியும் முன்பு. தர்காவை ஒட்டி நடந்த தனியார் 'மனநலக் காப்பகம்' ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீ பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் சங்கிலியில். பிணைப்பு தளர்வாக இருந்த சிலர் தப்பினார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் செய்தியைப் பார்த்துத் தானாகவே எடுத்த வழக்கின் தலைப்பில் '25 பேர்' என்றுதான் இருக்கும். வழக்குப் பதிவான பிறகும் எண்ணிக்கை ஏறியது, தலைப்பு அப்படியே நின்றுவிட்டது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அந்த 25ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, அந்த வகைக் காப்பகங்கள் எல்லாவற்றையும் மூடினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். நீதிபதி ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2007இல் காப்பகம் நடத்தியவருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இதெல்லாம் பேப்பரில் வந்ததுதான். யாரும் கேட்காத கேள்வி வேறு: இவ்வளவு பேர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள்? கேரளத்திலிருந்து, கொங்குப் பக்கத்திலிருந்து, தஞ்சாவூரிலிருந்து எல்லாம் பஸ் ஏறிக் கீழக்கரையைத் தாண்டி வந்தவர்கள் இவர்கள். அத்தனை பேரும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் நமக்கு வேலை மிச்சம். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை.

இந்தக் கரையிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பாருங்கள். சென்னையில் 1794லேயே ஒரு பைத்தியக்கார விடுதி தொடங்கிவிட்டது. கீழ்ப்பாக்கத்தில் 1871இல் 145 பேரோடு ஆரம்பித்ததுதான் இன்றைக்குள்ள பெரிய மனநல மருத்துவமனை. 1922இல் பலகையில் 'மனநோய் மருத்துவமனை' என்று மாற்றினார்கள். ஜனங்கள் வாயில் மாறவில்லை. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று இன்னமும் சினிமாவில் சொல்லிச் சிரிக்கிறோம். 1912ஆம் வருடச் சட்டப்படி ஒருவரை அங்கே சேர்க்க முக்கியமான வழி மாஜிஸ்திரேட் உத்தரவு. நோய் வந்தால் போலீஸும் கோர்ட்டும்! தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964 வரைக்கும் நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று போட் மெயில் ஏறி ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி எழும்பூரில் இறங்கி, ஆளை உள்ளே ஒப்படைத்துவிட்டு, அதே ரயிலில் திரும்பி வரும். பல குடும்பங்களுக்கு அதுதான் கடைசிப் பார்வை.

உள்ளே என்ன நடந்தது? 1950கள் வரை பெரிதாக ஒன்றுமில்லை. அடைத்து வைப்பது, சோறு போடுவது, இன்சுலின் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்துவது, மின் அதிர்ச்சி. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசைன் என்ற மருந்து பைத்தியத்தின் உச்சத்தை அடக்குகிறது என்று கண்டார்கள். அதற்குப் பிறகுதான் 'வீட்டுக்கு அனுப்பலாம்' என்ற பேச்சே வந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்ப, வீடு அவரை மறக்காமல் இருக்க வேண்டுமே.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு கதை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற டாக்டர் இருந்தார். 1950களில் இடமும் இல்லை, ஆளும் இல்லை. நோயாளியோடு குடும்பத்தையும் வரச்சொல்லி, வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். வேறு வழியில்லாமல் செய்ததுதான் என்று சொல்வார்கள். ஆனால் பலன் நன்றாக இருந்தது. உறவினர்கள் நோயைக் கண்ணெதிரே பார்த்துப் பழகினார்கள், ஆளும் சீக்கிரம் வீடு திரும்பினார். வேலூர் சிஎம்சி மனநல மையமும் அந்தப் பாதையில்தான், குடும்பத்தோடு தங்குகிற முறையில், 1957 முதல் நடக்கிறது.

இப்போது ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது அடக்கமாகியிருக்கும் இடம். சேதுபதிகள் நிலம் கொடுத்த தர்கா. இந்துவும் வருகிறார், முஸ்லிமும் வருகிறார், கிறிஸ்தவரும் வருகிறார். விளக்கு எண்ணெய் தடவுகிறார்கள், ஓதிய தண்ணீர் குடிக்கிறார்கள், கனவில் 'உத்தரவு' கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள். அம்மாவோ மனைவியோ பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறார். யாரும் கேஸ் ஷீட் கேட்பதில்லை, ஜாதி கேட்பதில்லை, கேலி செய்வதில்லை. சுற்றி இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே கதை. அமிர்தசரஸ் டாக்டர் கூடாரம் அடித்துச் செய்ததில் பாதியைத் தர்கா பல நூறு வருடமாகச் செய்கிறது. மீதிப் பாதி, அதாவது மருந்து, அங்கே இல்லை.

குடும்பம் எத்தனை நாள் தங்க முடியும்? கூலிக்குப் போக வேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும். அப்படிப் போகிறவர்களிடம் மாதப் பணம் வாங்கிக்கொண்டு "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சுற்றிலும் முளைத்தவைதான் காப்பகங்கள். பத்து நோயாளிக்கு ஒரு ஆள் கூட இல்லாத இடத்தில் ராத்திரி எப்படிப் பார்த்துக்கொள்வது? சங்கிலி போட்டுத்தான். சங்கிலிக்குத் தர்காவின் சமயத்தோடு சம்பந்தமில்லை. சம்பளம் வாங்காத வாட்ச்மேன் அது. உத்தரப் பிரதேசத்தில் பதாயூனில் இதே மாதிரிச் சங்கிலிகள் இருப்பதாக வந்த வழக்கை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க வேண்டியிருந்தது. ஏர்வாடி முடிந்து பதினேழு வருடம் ஆனபிறகு!

சரி, கவர்ன்மென்ட் என்ன செய்தது என்றீர்கள். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், மெதுவாகச் செய்தது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளை நம்பாமல், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கே சொல்லிக்கொடுத்து மாத்திரை கொடுக்கவைப்பது என்பது அதன் எண்ணம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனத்துக்காரர்கள் 1980களில் பெல்லாரி மாவட்டத்தில் அதைச் செய்து காட்டினார்கள். அதை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்குப் போனது. ராமநாதபுரத்துக்கு ஏர்வாடி எரிந்தபிறகுதான் வந்தது. 28 பேர் செத்துத்தான் நமக்கு ஒரு மனநல டாக்டரும் ஒரு ஜீப்பும் கிடைத்தன என்று எங்கள் குழுவில் கசப்பாகச் சொல்லிக்கொள்வோம்.

சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1987ஆம் வருட மனநலச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 1993. மனநல ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் நடத்த உரிமம் வேண்டும் என்றது. ஆனால் ஓலைக்கொட்டகைக்காரர் 'நான் ஆஸ்பத்திரியே நடத்தவில்லை, வைத்தியமும் செய்யவில்லை, சோறுதான் போடுகிறேன்' என்றால் அதிகாரிகள் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடலாம். 2002 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும், சங்கிலி சட்டவிரோதம் என்று கிராமம் கிராமமாகச் சொல்ல வேண்டும், நோயாளிகளைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அனுப்பாமல் டாக்டரிடம் அனுப்பச் சொல்ல வேண்டும். கடைசி வரியில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. டாக்டர் இருந்தால்தானே அனுப்புவதற்கு? அப்போது நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணக் கூட விரல் அதிகம்.

2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. எந்தப் பெயரில் நடந்தாலும் சரி, ஆயுர்வேதமோ சித்தமோ யுனானியோ, நோயாளியைத் தங்கவைத்துப் பராமரித்தால் அது மனநல நிறுவனம், பதிவு செய்தாக வேண்டும். உறவினரோடு இருக்கும் வீடு மட்டும் விலக்கு. 95ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின் அதிர்ச்சி கொடுக்கக் கூடாது என்பதும் அதே பிரிவுதான். இந்த இரண்டும் ஒரே வரியில் நிற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: கொட்டகைக்காரர் மட்டும் கொடுமை செய்யவில்லை. ஒரு காலத்தில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு என் சின்னம்மாவைக் கூட்டிப் போனோம். வராந்தாவில் நின்ற எங்களிடம், "கையெழுத்து போட்டுவிட்டுக் கிளம்புங்க, அவங்களைப் பார்க்க அப்புறம் வரலாம்" என்றார்கள். என்ன கையெழுத்து என்று யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது சின்னம்மாவுக்கு என் பேர் நினைவில்லை. அதனால்தான் 'தர்கா கெட்டது, ஆஸ்பத்திரி நல்லது' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே தலையாட்ட வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தற்கொலைக்கு முயன்றவர்களைப் பற்றி. கடன் தொல்லையிலும் மீன்பிடிக்கப் போன ஆள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட வீட்டிலும் அதுவும் நடக்கிறது. அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது. முன்பு பயந்து ஆஸ்பத்திரியில் 'தவறி விழுந்தது' என்று சொன்ன குடும்பங்கள் இப்போது தைரியமாக உண்மையைச் சொல்லலாம்.

இனி சங்கிலி விஷயம். தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டுக்கு நானும் நர்ஸம்மாவும் போனோம். கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் இருபது வயதுப் பையன். காலில் சங்கிலி. ஆனால் கணுக்காலில் பழைய சேலைத் துணியை நான்கு சுற்று சுற்றி, அதற்கு மேல்தான் சங்கிலி. புண் வந்துவிடக் கூடாதென்று அம்மா தினமும் துணியை அவிழ்த்துத் தேங்காய் எண்ணெய் தடவி மாற்றிக் கட்டுவாராம். "ராத்திரி கடல் பக்கம் போயிடுறான் சார். எங்க வீட்டுக்காரர் மூணு நாள் கடல்ல இருக்கார். நான் தூங்கினா இவன் செத்துடுவான்." அவரிடம் 95ஆம் பிரிவைப் படித்துக் காட்டுவதா? நான் படிக்கவில்லை. பிறகு டாக்டர் வந்து ஊசி போட்டார், ராத்திரிக்கு மாத்திரை கொடுத்தார். ஐந்தாவது வாரம் சங்கிலி கயிறாகி, ஏழாவது வாரம் கயிறும் போய்விட்டது. காலில் துணி சுற்றிய இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. சங்கிலியின் வேலையை வேறு ஏதாவது எடுத்துக்கொண்டால்தான் சங்கிலி போகும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த வீட்டில்.

அந்த ஊசி பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அண்ணனுக்கும் டாக்டர் அதைச் சொல்லலாம். ஃபுளூபெனசின் என்ற மருந்தை எண்ணெயில் கலந்து இடுப்புக்குக் கீழே போடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ. தினமும் மாத்திரை விழுங்குகிறாரா, துப்புகிறாரா என்று அம்மா வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பக்கவிளைவு உண்டு: உடம்பு விறைக்கும், கை நடுங்கும், எச்சில் வடியும். அதற்குத் தனி மாத்திரை கொடுப்பார்கள். இந்த விறைப்பைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் "மருந்து கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். இப்போது ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் மாத்திரைகளும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஓலான்சபின் எடை போட வைக்கும், சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்து நிற்பதற்கு இன்னொரு காரணம் இந்தக் கரைக்கே உரியது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு நின்றுவிடும், கையில் காசில்லை, பஸ்ஸுக்குக் கூடப் பார்த்துத்தான் போவார்கள். மே மாதம் வர வேண்டியவர்கள் ஜூலையில் வருவார்கள், அதுவும் ஏறுமாறாகி. மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்திருப்பார்கள். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, மருந்து வாங்க அம்மாக்கள் வருவது எளிதானதை நான் கண்ணால் பார்த்தேன். மனநலத் திட்டம் எதிலும் எழுதாத ஒரு மனநலத் திட்டம் அது.

2015–16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, ரயில் ஏற வேண்டிய காலம் முடிந்தது. ஆனால் மண்டபத்திலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் அங்கே போய் வருவதும் ஒரு நாள் கூலிதான்.

ஏர்வாடியில் இப்போது தர்காவை ஒட்டியே அரசு மனநல டாக்டரைப் பார்க்கலாம். 'தவா–துவா' என்பார்கள். தவா மருந்து, துவா பிரார்த்தனை. குஜராத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்காவில் 2008 வாக்கில் தொடங்கிய யோசனை அது. ஓதுகிறவரே "முதல்ல அந்த டாக்டரைப் பாருப்பா" என்று அனுப்புவார். நீதிமன்றம் 'கோயிலுக்கு அனுப்பாதே' என்றது, இவர்கள் 'கோயிலுக்குள்ளேயே டாக்டரைக் கொண்டு வா' என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. திருச்சி பக்கம் குணசீலத்தில் மனநோய் தீரப் பெருமாள் சன்னதியில் ஒரு மண்டலம் தங்குகிறவர்களிடமும் நான் இதையேதான் சொல்வேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் "அது மூடநம்பிக்கை" என்று ஆரம்பிக்காதீர்கள். அன்றோடு பேச்சு முடிந்துவிடும். "போகலாம்மா, அதுக்கு முன்னாடி ஒரு தடவை ராமநாதபுரத்தில் காட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லுங்கள். அண்ணன் வர மறுத்தால் பிடித்துக் கட்டி இழுத்துப் போக வேண்டாம். நீங்கள் மட்டும் போய் நடந்ததை டாக்டரிடம் சொல்லலாம், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இரவிலும் தமிழில் பேசலாம். தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து வருகிற நிலை என்றால் சட்டப்படி உறவினர் உதவியோடு சேர்க்க வழி இருக்கிறது, முதலில் 30 நாள் வரை. அவர் தெளிவாக இருக்கும்போது, தனக்காகப் பேச ஒரு நபரை நியமித்து எழுதித் தரலாம். அது நீங்களாக இருந்தால் நல்லது. குணமாக நாளாகும் என்று டாக்டர் சொன்னால் ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கும் மாத உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். மனநோயும் ஊனமுற்றோர் சட்டத்தில் இருக்கிறது. நிறைய பேருக்குத் தெரியாது.

தர்காவுக்குப் போகிறபோது டாக்டர் சீட்டையும் ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையையும் அம்மாவின் சுருக்குப்பையில் வையுங்கள், உங்கள் பர்ஸில் வேண்டாம், நீங்கள் கடலுக்குப் போய்விடுவீர்கள். தனியாக யாரிடமும் மாதப் பணம் கொடுத்து விட்டுவிட்டு வராதீர்கள். யாராவது "நாங்க பார்த்துக்கறோம்" என்றால் பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். சந்தனக்கூடு சமயம் என்றால் கூட்டம் நெருக்கும், மருந்து தீர்ந்தால் வாங்கச் சிரமம். பத்து நாள் மாத்திரையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தருவார்கள்.